மும்பையில் ஒரு சிறு நிறுவனத்தை நிலைகுலையாமல் நடத்துவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாமாவின் பட்டறையைப் பார்த்துக்கொள்ளத் தாராவிக்கு வந்திருக்கிறீர்கள். அல்லது செம்பூரில் ஒரு டியூஷன் சென்டரின் நிர்வாகம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அல்லது சயானில் ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மேலாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். வேலை பிடிபடுவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். மழை போனால் வேறொன்று வரும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்கப் பொதுமுடக்கம். நான்கு ஆண்டுகூட ஆகவில்லை, மூன்று பெரிய அடிகள். அப்படிப்பட்ட அடி விழும்போது உங்கள் நிறுவனம் என்ன செய்யும் என்பதை இப்போதே யோசித்து வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஊரில் எது நடந்தாலும் ‘மும்பை ஸ்பிரிட்’ என்று புகழ்வார்கள். 2006 ஜூலை 11 மாலை வெஸ்டர்ன் லைன் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. மறுநாள் காலை அதே தடத்தில் ஜனங்கள் வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய துணிச்சல் உண்மை. ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று எத்தனையோ பேர் பயந்து ஏறியதும் உண்மை. ஊழியர்களின் பொறுமையையும் பயத்தையும் நம்பி ஒரு நிறுவனம் நடக்கிறதென்றால் அதை நிறுவனத்தின் பலம் என்று நான் சொல்லமாட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து ஷட்டரைத் திறந்த பையனைப் பாராட்டுகிறோம். அவன் ஏன் அப்படி வரவேண்டியிருந்தது என்று கேட்பதில்லை. கேட்காதவரை அடுத்த மழைக்கும் அவனையேதான் நம்பியிருப்போம். மீள்திறன் என்று நான் சொல்வது, யாருக்கும் பதற்றமில்லாத ஒரு சாதாரண மதியத்தில் உட்கார்ந்து செய்து வைக்கும் ஏற்பாட்டை.

நிறுவனங்களின் மீள்திறனுக்கென்றே 2017-இல் வெளியான, ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் 22316 தரநிலை, மாறிக்கொண்டிருக்கும் சூழலில் அடியைத் தாங்குவது, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது என்ற இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. இந்தச் சிந்தனையின் வேர் சூழலியலில் இருக்கிறது. சி.எஸ். ஹோலிங் என்ற அறிஞர் 1973-இல் காட்டுப் பூச்சிகளையும் ஏரி மீன்களையும் வைத்து எழுதிய கட்டுரையில், அசையாமல் நிற்பது வேறு, அசைந்தாலும் அழியாமல் இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார்.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் டப்பாவாலாக்கள் 1890-லிருந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். கொரோனாவுக்கு முன் சுமார் 5000 பேர், தினமும் ஏறக்குறைய 2 லட்சம் டப்பா. ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பேரைக் கூடுதலாக வைத்திருப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், சைக்கிள் பஞ்சரானாலும் டப்பா நேரத்துக்குப் போய்விடும். அன்றாடத் தடங்கலைச் சமாளிக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தொழில் முழுக்க லோக்கல் ரயிலையும் அலுவலகம் போகிற ஜனங்களையும் நம்பியிருந்தது. 2020 மார்ச்சில் இரண்டுமே ஒரே சமயத்தில் நின்றுபோயின. பொதுமக்கள் எல்லோருக்கும் லோக்கல் மறுபடி திறந்தது 2021 பிப்ரவரி 1-இல்தான், அதுவும் நேரக் கட்டுப்பாட்டோடு. குழுவில் கூடுதலாக எத்தனை பேர் இருந்தும் அந்த மாதங்களில் பயனில்லை. சின்னத் தடங்கலுக்கான ஏற்பாட்டோடு பெரிய மாற்றத்துக்கான ஏற்பாடும் வேண்டும். இரண்டையும் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

எது நிற்கக் கூடாது?

ஒரு தாளை எடுத்து, உங்கள் நிறுவனத்தில் நடக்கும் எல்லா வேலைகளையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எவ்வளவு நேரம் நின்றால் சரிசெய்ய முடியாத சேதம் வரும் என்று எழுதுங்கள். பெரிய கம்பெனிகள், தொழில் நிற்காமல் தொடர்வதற்கான ஐ.எஸ்.ஓ. 22301 தரநிலைப்படி தடித்த கோப்பில் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு தாள் போதும்.

தாராவியில் ஒரு இட்லி மாவுக் கூடத்தில் இதைச் செய்ததைச் சொல்கிறேன். நடத்துபவர் திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. மாதுங்கா, சயான், செம்பூர் பக்கத்து மெஸ்களுக்கும் சின்ன ஓட்டல்களுக்கும் அவருடைய மாவு போகிறது. எது நிற்கக் கூடாது என்று கேட்டதும், “டெலிவரிதான்” என்றார். விடிகாலை 4 மணிக்கு டெம்போ கிளம்பாவிட்டால் மெஸ்காரர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார் என்பது அவர் கவலை. நாங்கள் 4 மணியிலிருந்து பின்னால் போனோம். அந்த நேரத்துக்குப் புளித்த மாவு வேண்டுமானால் முந்தின நாள் சாயங்காலத்துக்குள் அரைத்து முடித்திருக்க வேண்டும். அரைக்க வேண்டுமானால் அரிசியும் உளுந்தும் காலையிலேயே ஊறியிருக்க வேண்டும். ஊற வேண்டுமானால் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒருவர் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவர் பயந்தது விடிகாலையை நினைத்து. ஆபத்து இருந்ததோ முந்தின நாள் காலையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.

மதியம் 2 மணிக்குக் கரண்ட் போனால் 5 மணி வரை பொறுக்கலாம், அதைத் தாண்டினால் மறுநாள் வியாபாரம் போச்சு என்று கணக்கு வந்தது. தாளில் ‘கிரைண்டர்: 3 மணி நேரம்’ என்று எழுதினோம். டெம்போவுக்கு 1 மணி நேரம். பில் போடுவதற்கு 4 நாள். வரவு செலவைச் சரிபார்ப்பது ஒரு மாதம் தள்ளிப்போனாலும் யாரும் சாகப்போவதில்லை. அதுவரை அண்ணாச்சியின் தினசரிக் கோபத்தில் பாதி பில் மேல்தான் இருந்தது. குழாய்ப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

சம்பளத்தையும் இந்தத் தாளில் சேருங்கள். மாதத்தின் முதல் வாரம் ஊருக்குப் பணம் அனுப்பாவிட்டால் அங்கே ஒரு வீட்டில் அடுப்பெரியாது. என் கணக்கில் சம்பளம் அதிகபட்சம் 3 நாள் தாமதிக்கலாம், அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

ஒன்றே ஒன்றாக இருப்பவை

அடுத்து, அந்தத் தாளில் ஒரு நாளுக்கும் குறைவாக நேரம் எழுதிய வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார், எந்த மெஷின், எந்தச் சப்ளையர், எந்த இடம், எந்த போன் தேவை என்று பாருங்கள். ஒன்றே ஒன்றாக இருப்பதையெல்லாம் சிவப்பில் வட்டமிடுங்கள். சிவப்பு எவ்வளவு என்று பார்த்தால் திகைத்துப்போவீர்கள். திகைக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

பெரும்பாலான சிறு நிறுவனங்களில் முதலில் சிவப்பாவது முதலாளியின் செல்போன். வங்கியின் ஓ.டி.பி., ஜி.எஸ்.டி. தளத்தின் ஓ.டி.பி., வாடிக்கையாளர் எண்கள், பொருள் போடும் சேட்டின் வாட்ஸ்அப், எல்லாம் ஒரே சிம்மில். அவர் கொடைவிழாவுக்கு ஊருக்குப் போய், அங்கே டவர் கிடைக்காவிட்டால் இங்கே அலுவலகமே ஊமையாகிவிடும். வங்கியில் இன்னொருவரைக் கையெழுத்து அதிகாரத்தோடு சேர்ப்பது, அலுவலகத்துக்கென்று தனி எண் வாங்கி அதில் பதிவுகளை மாற்றுவது, வாடிக்கையாளர் எண்களைத் தாளில் அச்சடித்து இரண்டு இடத்தில் வைப்பது. இந்த மூன்றையும் வந்த முதல் மாதத்திலேயே செய்யுங்கள். செலவு மிகக் குறைவு.

ஆட்கள் விஷயத்தில் டப்பாவாலாக்களின் வழிதான் வழி. உட்கார்த்தி வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது என்பீர்கள். சரி, ஒவ்வொரு முக்கிய வேலையையும் இன்னொருவர் பழகிக்கொள்ளட்டும். மாவுக் கூடத்தில் வாரத்தில் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். பாக்கெட் சீல் பண்ணுகிறவர் கிரைண்டரில் நிற்பார், கிரைண்டர்காரர் பில் எழுதுவார். அன்றைக்கு வேலை மெதுவாகத்தான் நடக்கும். அந்த மெதுவை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள், காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

சப்ளையர் ஒருவரேயானால் இரண்டாமவரிடம் இப்போதே கொஞ்சம் வாங்கத் தொடங்குங்கள். வாஷி மார்க்கெட்டில் ஒரே சேட்டிடம் உளுந்து வாங்கினால் விலை குறைவு, கடனும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் பத்து மூட்டையில் இரண்டை இன்னொரு கடையில் எடுங்கள். முகம் தெரியாத ஆளுக்கு நெருக்கடி நாளில் யாரும் சரக்கு கொடுக்கமாட்டார்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். மும்பைக்கு வந்ததும் இன்வெர்ட்டர் என்ற நினைப்பே போய்விடுகிறது, ஏனென்றால் இங்கே கரண்ட் போவது அபூர்வம். 2020 அக்டோபர் 12 காலை 10 மணி வாக்கில் மின்தொகுப்பு செயலிழந்து நகரம் முழுக்க இருண்டது. லோக்கல் ரயில்கள் தண்டவாளத்திலேயே நின்றன. 3 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் ஓடாத வேலை உங்கள் தாளில் இருந்தால், வாடகை ஜெனரேட்டர்காரர் இருவரின் எண்ணாவது கையில் இருக்கட்டும்.

கணினி நின்றால் கையால் எழுத வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கையால் எழுதத் தெரிந்த ஊழியரும் எழுதுவதற்குத் தாளும் இருந்ததால் பயணிகள் ஏற முடிந்தது. வரிசை எண் போட்ட பில் புத்தகம் ஒன்று எப்போதும் மேஜை இழுப்பறையில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் ஒரு பில் எழுதிப் பழகட்டும்.

பேக்கப் எங்கே வைப்பது என்பதற்கு இந்த ஊரின் வரலாறே பதில் சொல்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் பெய்தது சுமார் 74 மி.மீ.தான். கடையின் கணினி கீழே, ஹார்ட் டிஸ்க் அதே கடையின் பரணில் என்று வைத்தால் ஒரே தண்ணீருக்கு இரண்டும் போய்விடும். ஒரு பிரதி நகரத்தின் வேறொரு மூலையில், உறவினர் வீட்டிலாவது இருக்கட்டும். இன்னொன்று இணையத்தில்.

எத்தனை நாள் தாங்கும்?

வருமானம் பூஜ்யமானால் எத்தனை நாள் சம்பளமும் வாடகையும் கொடுக்க முடியும்? இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் வேறெந்தத் திட்டமும் போடாதீர்கள். முதல் இலக்காக ஒரு மாதச் சம்பளம், வாடகை, கடன் தவணை மூன்றையும் கூட்டித் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். பிறகு இரண்டு, மூன்று மாதமாக உயர்த்தலாம். லாபம் வந்த மாதத்தில் புது மெஷின் வாங்கத்தான் மனசு போகும். முதலில் இந்தக் கணக்கு நிரம்பட்டும்.

வர வேண்டிய பணம் வராமல் செத்துப்போகும் பட்டறைகளை இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசுத் தளமான உத்யமில் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனம் ஒன்று பொருள் தயாரித்தோ சேவை செய்தோ கொடுத்தால் வாங்கியவர், ஒப்பந்தத்தில் கூடுதல் நாள் எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. இப்படித் தாமதித்த பணத்தை, உண்மையில் கொடுக்கும்வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. இந்த விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துமானால் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சடியுங்கள். புகார் கொடுக்கும் அளவுக்குப் போகாமலே பாதி வேலை அதில் நடந்துவிடும்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக: ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை சொத்துள்ள தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது, வெள்ளமும் அதில் அடக்கம். மதிப்பைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். இழப்பு நேரும்போது அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். ஆண்டுக்கொரு முறை கடையை, மெஷின்களை, சரக்கைத் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வெளியே ஒரு பிரதி வையுங்கள்.

மழை நாளில் யார் முடிவெடுப்பது?

மும்பையில் மழைநீர்க் கால்வாய்கள் பல, கடல் மட்டத்துக்கு ஒட்டியோ கீழேயோ போய் முடிகின்றன. அலை உயர்ந்திருக்கும்போது தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஆகவே மழையின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. எந்தெந்த நாளில் 4.5 மீட்டருக்கு மேல் அலை எழும் என்று மாநகராட்சி மழைக்கு முன்பே பட்டியல் வெளியிடுகிறது. அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைக் காலையில் பார்ப்பது ஒருவருடைய வேலையாக இருக்கட்டும். 1916 என்ற மாநகராட்சி உதவி எண் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும். ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தண்ணீர் தேங்குவது இந்த ஊரில் எல்லோரும் அறிந்தது. உங்கள் தெருவில் எங்கே முதலில் தேங்கும் என்பது பக்கத்துப் பான் கடைக்காரருக்குத் தெரியும், போய்க் கேளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பல இடங்களில் மாலை 5 மணிவரை யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டுக்குப் போகச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை, முதலாளி சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். 2005 பெருமழையில் செல்போன்கள் வேலை செய்யாமல் போயின. ஆயிரக்கணக்கானோர் அலுவலகங்களிலேயே இரவைக் கழித்தார்கள். தண்ணீரில் இரவெல்லாம் நடந்தவர்களும் ஏராளம். அதனால் முடிவை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மாவுக் கூடத்துச் சுவரில் இப்போது ஒட்டியிருப்பது இதுதான்: ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கையும் மதியத்துக்கு மேல் பெரிய அலையும் ஒரே நாளில் இருந்தால், தொலைவிலிருந்து வருபவர்கள் 12 மணிக்குக் கிளம்பலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சம்பளம் பிடிக்கப்படாது. அண்ணாச்சியை அரை மணி நேரம் போனில் பிடிக்க முடியாவிட்டால் கணக்குப் பார்க்கும் அக்கா முடிவெடுப்பார், 20,000 ரூபாய் வரை செலவு செய்யலாம், பிறகு அதற்காக யாரும் அவரைக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கடைசி வரியை எழுத அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். அது இல்லாமல் மற்ற வரிகளுக்கு மதிப்பில்லை. தப்பாகப் போனால் திட்டு விழும் என்று தெரிந்த எவரும் நெருக்கடியில் சொந்தமாக முடிவெடுக்கமாட்டார்கள்.

உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள்

எழுதியது வேலை செய்யுமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி ஒத்திகை. எல்லோரையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து ஒரு சூழ்நிலையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாவுக் கூடத்தில் மே மாதத்து மதியம் ஒன்றில், வேலை ஓய்ந்த நேரத்தில், மூட்டைகள் மேலேயும் தரையிலும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் சொன்ன சூழ்நிலை: “புதன்கிழமை மதியம் 1 மணி. மழை ஊற்றுது. தெருவில் கணுக்கால் தண்ணி. அரிசி ஊறிக்கிட்டிருக்கு, உளுந்து கிரைண்டர்ல ஓடுது. அண்ணாச்சி ஊர்ல ஒரு கல்யாணத்துல இருக்கார், போன் எடுக்கலை.” ஒரே விதி, அண்ணாச்சி பேசக் கூடாது.

கிரைண்டர் பார்க்கும் தம்பி முதலில் சொன்னார்: “தண்ணி உள்ள வர்றதுக்குள்ள மெயினை ஆஃப் பண்ணணும்.”

“எங்க இருக்கு?”

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். ஆளுயரத்துக்கு அடுக்கிய அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது சுவிட்ச் போர்டு.

“மெஸ்காரங்களுக்கு யார் சொல்றது?” என்றேன். “நம்பரெல்லாம் அண்ணாச்சி போன்லதான் இருக்கு” என்றார் அக்கா. இரண்டாவது ஓட்டையும் தெரிந்துவிட்டது.

அப்போது அதுவரை பேசாமல் இருந்த டெம்போ டிரைவர் சொன்னார்: “அரைச்ச மாவை அப்பவே எடுத்துட்டுக் கிளம்பினா ரெண்டு மணிக்குள்ள செம்பூர் வரைக்கும் போட்டுட்டு வந்துரலாம்.”

“புளிக்காத மாவாச்சே?”

“அவங்க கிட்டயும் ட்ரம் இருக்கு. ராத்திரி அங்கயே புளிக்கட்டும்.”

அண்ணாச்சியால் விதியைக் காப்பாற்ற முடியவில்லை. “ஏலே, இத்தனை வருசமா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலியே அண்ணாச்சி.”

ஒரு மணி நேரத்தில் கிடைத்தவை: மூட்டையை நகர்த்துவது, எண்களை அச்சடித்து ஒட்டுவது, பெருமழை நாளில் புளிக்காத மாவை மதியமே அனுப்புவது. மூன்றாவதைப் பெரிய ஆலோசகர் யாரை அழைத்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார், மெஸ்காரரின் அடுப்படியில் ட்ரம் இருப்பதைப் பார்த்தவர் டிரைவர்தான். ஒத்திகைக்கு மேலாளர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். வாட்ச்மேன், டெலிவரிப் பையன், கூட்டுகிற அம்மா எல்லோரும் இருக்கட்டும்.

கெட்ட செய்தி சீக்கிரம் வரட்டும்

2000 மார்ச்சில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலையில் மின்னலால் ஒரு சிறு தீ. சில நிமிடங்களில் அணைந்துவிட்டது. அந்தச் சிப்புகளை நோக்கியாவும் எரிக்சனும் வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாரத் தாமதம்தான் ஆகும் என்று முதலில் இருவருக்கும் தகவல் போனது. நோக்கியாவில் அந்தத் தகவல் உடனே மேலே போய், வேறு ஆலைகளில் சிப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். எரிக்சனில் கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. இழப்பு ஏறக்குறைய 40 கோடி டாலர். உங்கள் இடத்தில் கெட்ட செய்தி கொண்டுவருபவருக்கு முதலில் கிடைப்பது என்ன? முகச்சுளிப்பா, நன்றியா? இரண்டு மூன்று முறை நன்றி கிடைத்தால் எல்லோரும் சீக்கிரம் சொல்லப் பழகுவார்கள்.

போட்டியாளரோடும் பேசி வையுங்கள். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியாவில் ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான ஒரு சிறு வால்வை ஏறக்குறைய முழுவதுமாக அங்கேதான் செய்துகொண்டிருந்தார்கள். டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான சப்ளையர்கள் வரைபடத்தை வாங்கிக் கையிலிருந்த மெஷின்களில் அதே வால்வைச் செய்யத் தொடங்கினார்கள். தையல் மெஷின் செய்யும் பிரதர் நிறுவனமும் அதில் ஒன்று. ஒரு வாரத்துக்குள் கார்கள் மறுபடி வெளியே வந்தன. அவர்களுக்குள் முன்பே இருந்த பழக்கம் அன்று உதவிக்கு வந்தது.

மும்பைத் தமிழர்களுக்கு ஊர் உறவு, சங்கம், கோவில் கமிட்டி என்று பழக்கத்துக்குக் குறைவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த உறவுகள் பெரும்பாலும் ஒரே தெருவில் இருக்கும், தண்ணீர் வந்தால் எல்லோர் கடையிலும் வரும். அண்ணாச்சி முலுண்டில் இருக்கும் ஒரு மாவுக் கடைக்காரரோடு பேசி முடித்திருக்கிறார். ஒருவர் கிரைண்டர் நின்றால் மற்றவர் இரவு ஷிஃப்டில் அரைத்துக் கொடுப்பார், கிலோவுக்கு இவ்வளவு கூலி, வாடிக்கையாளரைத் தொடமாட்டார். விலையை முன்பே பேசியதால் நெருக்கடி நாளில் பேரம் இருக்காது.

மெதுவாக வரும் மாற்றம்

வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். சட்டமும் சந்தையும் மாறுவது தெரிவதற்குள் காலம் போய்விடும். தாராவியின் தோல் தொழிலில் தமிழர்களின் பங்கு பெரியது. 2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை வெட்டுவதற்கும் தடை விரிந்தபோது தோல் வரத்து குறைந்தது. எருமைத் தோல், ஆட்டுத் தோல், வெளிமாநிலத் தோல், ரெக்ஸின் என்று மாறியவர்கள் உண்டு. தொழிலையே விட்டவர்களும் உண்டு. 2018 ஜூன் 23 முதல் மாநிலத்தில் பிளாஸ்டிக் தடை அமலானபோது கேரி பேக்கை நம்பியிருந்த எல்லோரும் ஒரே வாரத்தில் மாற்றுப் பை தேடி அலைந்தார்கள். இப்போது தாராவி மறுசீரமைப்பு, அதாவது பழைய குடிசைகளையும் பட்டறைகளையும் அகற்றிப் புதிதாகக் கட்டுவது. 2022-இல் ஏலம் முடிவான திட்டம் அது. அங்கே பட்டறை வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் இடம் மாறும் கேள்வி முன்னால் நிற்கிறது.

இதற்குத் திட்டம் எழுதுவது கடினம். செய்யக் கூடியவை சில உண்டு. கரண்ட் பில், லைசென்ஸ், வாடகை ரசீது, சர்வே சீட்டு எல்லாவற்றையும் பழைய ஆண்டுகளோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் தெருவில் நடந்து வந்து வாங்குகிறார்கள், எத்தனை பேர் போனில் ஆர்டர் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இடம் மாறினால் முதல் கூட்டம் போய்விடும், இரண்டாவது கூட்டம் கூடவே வரும். அந்த விகிதத்தை இப்போதிருந்தே மாற்றத் தொடங்கலாம். அண்ணாச்சி வாரத்தில் ஒருநாள் அரை கிலோ பாக்கெட்டை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விற்றுப் பார்க்கிறார். இதுவரை பெரிய லாபம் இல்லை. ஆனால் மெஸ் வியாபாரம் சுருங்கினால் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் இந்தச் சோதனையை ஒத்திப்போடாதீர்கள்.

ஒவ்வொரு தடங்கலுக்குப் பிறகும், ஞாபகம் மங்குவதற்குள், எல்லோரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, எது உதவியது? யார் தப்பு என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம். ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, யார் எந்தத் தேதிக்குள் செய்வார் என்று தாளில் எழுதுங்கள். தண்ணீரில் நடந்து வந்தவர் யாராவது இருந்தால், அவர் வரவேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதை முதலில் பேசுங்கள்.

இத்தனையையும் ஒரே மாதத்தில் முடிக்க முடியாது. முதல் வாரம் தாளை எழுதி வட்டமிடுங்கள். இரண்டாவது வாரம் ஓ.டி.பி., வங்கிக் கையெழுத்து, எண்கள். சம்பளம், வாடகை, தவணைக்கான தனிக் கணக்கை அடுத்த லாபத்திலிருந்து தொடங்கலாம். ஒத்திகையை மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், ஜூனில் மழை வந்துவிடும். தாளின் மூலையில் தேதி போட மறக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அதிலிருக்கும் எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள், எடுக்காத எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.